பாக்குக்கடிச்சான்

வேம்பூரணிப்பட்டி,
அன்னவாசல் வழி.
12-2-1960

அன்புத் தம்பி முத்துவுக்கு அக்கா பிரகதாம்பாள் எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், பிள்ளைகள் மூன்றும், சினையாக இருக்கிற செவலைப் பசுவும் சுகம். வயிறு சரியில்லை என்று எழுதினவன், சரியானதை எழுதக் காணோம். கல்கத்தாத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

போன கடிதத்தில் 'பி. முத்து' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். பாதிப் பேரை ஹௌரா மெயிலில் விட்டுவிட்டாயா?

இத்தோடு தகர டப்பாவில் பஞ்சு சுற்றி ஒரு பார்சல் வருகிறது. பயப்படாமல் பிரி. நம் சுண்ணாம்புக் காளவாய்க்கு வந்த சுக்கான் கல் ஒன்றில் பல் தெரிந்தது. தட்டிப் பார்த்தால் தாடை. இன்னும் ஒரு நாழிகை போயிருந்தால் அதுவும் வெந்து சுண்ணாம்பாகி யார் வீட்டுச் சுவரிலோ பூசப்பட்டிருக்கும். ஆட்டுத் தாடை என்றார் உன் மச்சான். மருதாயிதான், "ஆட்டுக்கு இப்படிப் பல்லா? இவன் கொட்டைப்பாக்கை முழுசாக் கடிச்ச பய" என்றாள். அன்றிலிருந்து பிள்ளைகள் அதைப் 'பாக்குக்கடிச்சான்' என்கிறார்கள். கல்லான எலும்பைப் பார்ப்பதுதானே உன் உத்தியோகம், பார்த்துச் சொல்.

மருதாயி இருபது நாளாகக் காளவாய் வேலைக்கு வரவில்லை. அது இருக்கட்டும். நீ எலும்பு படித்தவன் என்பதால் கேட்கிறேன்: முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் எத்தனை நாளில் கூடும்? தெரிந்தவர்கள் கேட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பிரகதாம்பாள்


கல்கத்தா,
23-2-1960

அன்புள்ள அக்காவுக்கு, வயிறு சரியாகிவிட்டது. நான் சுகம். மச்சானும் பிள்ளைகளும் செவலையும் சுகமாக இருக்கட்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஆடு இல்லை. குரங்கும் இல்லை என்றே நினைக்கிறேன். இடது பக்கத்துக் கீழ்த்தாடை, மூன்று கடைவாய்ப் பற்கள். எலும்பு உன் விரல் இரண்டு சேர்ந்த கனம். முக்கியமாக, மோவாய் இல்லை. நமக்கெல்லாம் தாடை முன்னால் துருத்தி நிற்கும். இவனுக்குப் பின்னால் சரிந்து போகிறது. நான்கு நாள் ஊசியால் சுரண்டிச் சுண்ணாம்பை எடுத்தேன். எங்கள் பிரிவுத் தலைவர் டாக்டர் லாகிரியிடம் கொண்டுபோய் வைத்தேன். மனுஷன் தேநீரைக் கையில் பிடித்தபடியே ஆறவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், போன வருஷம் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரிய கடைவாய்ப் பல்லோடு ஒரு மண்டையோடு கிடைத்தது. லண்டன் பத்திரிகைகள் அதற்குக் 'கொட்டை உடைக்கிற மனிதன்' என்று பேர் வைத்தன. மருதாயி அந்தப் பத்திரிகையெல்லாம் படித்திருக்க மாட்டாள் என்று லாகிரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

உடனே பதில் எழுது. எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், மேலே என்ன மண், கீழே என்ன மண், யார் எடுத்தது? குழி மண்ணில் இரண்டு கை அள்ளி அனுப்பு. தாடையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பாதிதான் வந்தது. எந்த மண்ணில் கிடந்தது என்பதுதான் மீதிப் பாதி. மண் தெரியாவிட்டால் வயசு தெரியாது. வயசு தெரியாவிட்டால் அது வெறும் தாடை.

முறிந்த காலைப் பற்றி என்னிடம் கேட்காதே. நான் வைத்தியன் இல்லை. என்னிடம் வருகிறவர்கள் செத்து லட்சம் வருஷம் ஆனவர்கள்.

தம்பி,
பி. முத்து


வேம்பூரணிப்பட்டி,
10-3-1960

தம்பிக்கு, நலம். நீயும் அப்படியே இருக்கக் குடுமியான்மலையானை வேண்டிக்கொள்கிறேன். செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

நீ கேட்டதை உன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். குழி காளவாய்க்குப் பின்னால் நம் பட்டாப் பொட்டலில் இருக்கிறது. ஆழம் பன்னிரண்டு அடி. மேலே செம்மண், கீழே சுக்கான். எடுத்தவர் பொ. ஆத்மநாதன். மண்ணைப் புகையிலை டப்பாவில் போட்டுத் தந்திருக்கிறார்.

அவருக்கு இப்போது கால் தரையில் பாவவில்லை. இலுப்பூர்ச் சந்தையில் நின்று, "என் தாடை கல்கத்தாவில் இருக்கு" என்கிறாராம். கேட்டவர்கள் அவர் வாயைப் பார்க்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கப் போகிறார். அதற்கு இது உதவும் என்கிறார்.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோய் மருதாயி வீட்டில் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அவள் மகள் செவந்திதான் இப்போது வேலைக்கு வருகிறாள்.

வைத்தியன் இல்லை என்று எழுதினாய். சரி. ஆனாலும் எலும்பு எலும்புதானே? நாட்டுக்கட்டுப் போட்டு, அவிழ்த்துப் பார்க்கும்போது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தால், நடக்க நடக்க நேராகுமா? உனக்குத் தெரிந்திருந்தால் ஒரு வரி எழுது.

அக்கா


கல்கத்தா,
20-3-1960

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் எல்லார் சுகத்துக்கும் சந்தோஷம், கிடாரிக்கும் சேர்த்து. இங்கே வெயில் ஏறிவிட்டது. வேர்க்குருவைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

மச்சானிடம் சொல்: லாகிரி கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். ஜூன் மாத இதழில் அச்சாகும். புது இனம் என்கிறார். ஆகவே புதுப் பேர்.

பேர் வைப்பதில் சட்டம் உண்டு. இரண்டு சொல், இரண்டும் லத்தீன் வேஷத்தில் இருக்க வேண்டும். முதல் சொல் குலத்துக்கு, அடுத்தது இனத்துக்கு. எந்த எலும்பைப் பார்த்துப் பேர் வைத்தார்களோ, அந்த எலும்பே அந்தப் பேருக்குச் சாட்சி. அதை நம்பர் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். முதலில் அச்சேறின பேர்தான் பேர். அது பொருத்தமில்லை, ஊர் தப்பு என்று பிறகு தெரிந்தாலும் அடிக்க முடியாது. ஜாவாவில் கிடைத்தவனுக்கு 'குரங்கு மனிதன்' என்று குலப்பேர் வைத்தார்கள். இப்போது அவனை நம் குலத்திலேயே சேர்க்கிறார்கள். ஆனால் 'நிமிர்ந்தவன்' என்ற இரண்டாவது பேரை யாரும் தொட முடியவில்லை. தொடவும் முடியாது.

இது சட்டப் பேர். ஜனங்கள் சொல்கிற பேர் வேறு. அதற்குச் சட்டமே கிடையாது. ஜாவா மனிதன், பீகிங் மனிதன் என்று ஊரை வைத்துச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவில் சுண்ணாம்புக்குவாரிக் குகையில் கிடைத்த மண்டைக்கு நீளமான சட்டப் பேர். வாயில் நுழையவில்லை என்று அதை வெட்டி 'திருமதி பிளெஸ்' ஆக்கிவிட்டார்கள்.

சுண்ணாம்பு எங்கேயோ அங்கே எலும்பும் இருக்கும். ஜெர்மனியில் நூறு வருஷத்துக்கு முன்னால் சுண்ணாம்புக் கல் வெட்டிய கூலியாட்கள் குகை மண்ணோடு எலும்பையும் வாரி வெளியே கொட்டினார்கள். கரடி எலும்பு என்று நினைத்தார்களாம். அதுதான் நியாண்டர்தால் மனிதன். பேர் பள்ளத்தாக்குடையது. பள்ளத்தாக்கின் பேர் ஒரு பாதிரியாருடையது. ஆப்பிரிக்காக் கொட்டை உடைப்பவனைக் கண்டெடுத்தது ஒரு அம்மாள். கணவர் காய்ச்சலில் கூடாரத்தில் படுத்திருந்தார். சட்டப் பேரில் இருப்பதோ ஆராய்ச்சிக்குப் பண உதவி செய்தவர் பேர். இப்படித்தான் நடக்கிறது.

நம்முடையதற்கு இனப்பேர் எடுத்தவரை வைத்து, 'ஆத்மநாதனி'. ஜனங்களுக்கு 'அன்னவாசல் மனிதன்'. எப்படி?

திரும்பிய பாதம் நடந்தால் நேராகாது. இது வைத்தியம் இல்லை, பொதுப் புத்தி.

தம்பி,
பி. முத்து


வேம்பூரணிப்பட்டி,
2-4-1960

மாப்பிள்ளை முத்துவுக்கு மச்சான் ஆத்மநாதன் ஆசீர்வாதம். சுகம். சுகத்துக்கு எழுதவும்.

கடிதம் கிடைத்து ஊரில் எல்லாருக்கும் வாசிக்கப்பட்டது. ஆத்மநாதனி என்பது பெண்பிள்ளைப் பேர் போல இருக்கிறது என்று பொன்னமராவதிக்காரன் ஒருவன் சிரிக்கிறான். அதை மாற்றி பொ. ஆத்மநாதன், சுண்ணாம்புக் காளவாய் உரிமையாளர் என்று முழுசாகப் போட உங்கள் பெரியவரிடம் சொல்லவும். இதழ் வந்ததும் பத்துப் பிரதி அனுப்பவும். நாமினேஷனுக்கு முன் வந்தால் நல்லது. மண் சம்பந்தமாக இனி ஒன்றும் கேட்க வேண்டியது இல்லை என்று நினைக்கிறேன்.

பொ. ஆத்மநாதன்


கல்கத்தா,
9-4-1960

அன்புள்ள அக்காவுக்கு, எல்லாரும் சுகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்கு இருக்கிறது.

மச்சான் அனுப்பிய மண் பொய்.

கோபப்படாதே, சொல்வதைக் கேள். தாடையில் ஒட்டியிருந்த பற்றைக் கரைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கறுப்புக் களி, அதில் கடுகு அளவு நத்தை ஓடுகள். தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்து மண். புகையிலை டப்பாவில் இருப்பதோ செம்மண்ணும் சரளையும். ஒரு நத்தை கிடையாது. நம் பொட்டலில் நான் பிறந்த நாளிலிருந்து தண்ணீர் நின்று பார்த்ததில்லை. இரண்டும் ஒரே குழியில் இருக்க வழியே இல்லை.

லாகிரியிடம் காட்டினேன். "அன்னவாசலுக்கு அருகில் என்று போட்டால் போதாதா?" என்கிறார். போதாது. ஜூனில் அச்சேறிவிட்டால் தப்பான இடமும் தப்பான ஆளும் உலகம் உள்ளவரை நிற்கும். புரூப் மே கடைசியில் என் மேஜைக்கு வரும். அதற்குள் எனக்கு உண்மை வேண்டும்.

எங்கே கிடைத்தது? மச்சானைக் கேட்காதே. நீ எழுது. மறு தபாலில் எழுது.

பி. முத்து


கல்கத்தா,
6-5-1960

அக்காவுக்கு, உன் சுகம் தெரியவில்லை. இருபத்தேழு நாளாகக் கடிதம் இல்லை. நீ இப்படி இருந்ததில்லை.

நேற்று ஆபீஸ் முடிந்து வந்து, உன் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, கல்லைப் படிப்பது போல் மேலிருந்து கீழே படித்தேன். நான் ஒரு முட்டாள். நான் தாடையைப் பற்றி உள்ள வரிகளை மட்டும் படித்துவிட்டு மற்றதைச் சரளை மாதிரி ஒதுக்கியிருக்கிறேன்.

மருதாயி இருபது நாளாக வேலைக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியில் முறிந்த காலைப் பற்றிக் கேட்கிறாய். இரண்டாவது கடிதத்தில் அவள் வீட்டுக்குக் கஞ்சி போகிறது; அவள் மகள் வேலைக்கு வருகிறாள்; பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. நான் 'பொதுப் புத்தி' என்று பதில் எழுதியிருக்கிறேன்.

அது மருதாயியின் கால்தானே? தாடையை எடுத்தது அவள்தானே? இரண்டும் ஒரே குழியா?

ஆம், இல்லை என்று ஒரு கார்டாவது போடு.

முத்து


வேம்பூரணிப்பட்டி,
14-5-1960

தம்பி, நான் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு அம்மை இறங்கி இப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை ஆட்டுக் கொட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆம்.

பொட்டல் குழியில் சுக்கான் தீர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. உன் மச்சானுக்குக் காளவாயை அணைக்க மனசில்லை. ஊரணியின் தெற்குக் கரையில், தாழம்புதர் மறைவில், ஆளைவிட்டு வெட்ட ஆரம்பித்தார். ஊரே குடிக்கிற தண்ணீர். அதில் கால் கழுவினாலே அபராதம் போடுகிற ஊர் இது. கரையில் கடப்பாரை வைத்தது தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் காலையில் மருதாயி உள்ளே இறங்கி வெட்டிக்கொண்டிருக்கும்போது கரை சரிந்துவிட்டது. இடுப்பு வரை மண். இவரும் வண்டிக்காரக் கண்ணுசாமியும்தான் இழுத்துப் போட்டார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக மடிந்துவிட்டது. அப்போதும் கையில் அந்தக் கல்லை விடவில்லையாம். "பல்லு இருக்கு, நெருப்புல போட்டுறாதீக" என்றுதான் முதல் பேச்சு. இலந்தை மரத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார் இவர். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள் என்று நாட்டுக்கட்டு. மருதாயியும் ஒத்துக்கொண்டாள். என்னிடம் கல்லைக் கொடுத்து, "எம்புள்ளைக்கு அனுப்பு ஆத்தா, அவனுக்குத் தெரியும்" என்றாள்.

நான் பொய் எழுதவில்லை, எழுதாமல்தானே விட்டேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் உன் பேர் வைக்கிற கடிதம் வந்தது. அந்த ஜெர்மனிக் கூலியாட்களின் பேரை நீ எழுதவில்லை. அது உனக்குத் தெரியாது என்பதுகூட உனக்குத் தோன்றவில்லை. 'இப்படித்தான் நடக்கிறது' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாய்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். உனக்கு முன்னால் இரண்டு ஆண்பிள்ளைகள் நம் வீட்டில் தங்கவில்லை. நீ பிறந்ததும் முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் போட்டார்கள். மருதாயி எடுத்து, "இது எம்புள்ள. பிச்சையாத் தாரேன், வச்சுக்கங்க" என்று நம் ஆத்தா மடியில் போட்டாள். பதிலுக்கு ஒரு முறம் தவிடு வாங்கிக்கொண்டாள். அப்போது அவளுக்கு இருபது வயசு இருக்குமா? எனக்கு ஆறு, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிச்சைமுத்து என்று உனக்குப் பேர் வைத்தது அவள். அந்தப் பேரைத்தான் நீ பாதியாக வெட்டியிருக்கிறாய்.

இப்போது சொல். உண்மையைச் சொன்னால் இவர் ஊரில் தலை நிமிர முடியாது. சொல்லாவிட்டால் மருதாயி கால் நிமிராது. எனக்கு மூன்று பிள்ளைகள். நான் என்ன செய்யட்டும்?

அக்கா


கல்கத்தா,
21-5-1960

அக்காவுக்கு, பிள்ளைகளுக்கு இளநீர் கொடு. நீயும் குடி. நான் தெம்பாக இருக்கிறேன், இருந்தாக வேண்டும்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் கால். தாடை அப்புறம். மருதாயியைப் புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. எலும்பு கோணலாகக் கூடியிருந்தாலும் மறுபடி உடைத்து நேராக வைத்து மாவுக்கட்டுப் போடுவார்கள் என்று இங்கே ஒரு டாக்டரைப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ பிப்ரவரியில் கேட்டபோதே நான் போய்க் கேட்டிருக்க வேண்டும். நாள் ஆக ஆகக் கஷ்டம். இந்தக் கடிதம் கிடைத்த வாரமே போ.

அங்கே எப்படி முறிந்தது என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்பது மருதாயி பாடு. நீ சொல்லிக்கொடுக்காதே. மச்சானும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

நேற்று லாகிரியிடம் எல்லாம் சொன்னேன். மனுஷன் கொதித்தார். கரை என்பது மனிதன் கொட்டிய மண், அதிலிருந்து வந்த தாடைக்கு வயசே சொல்ல முடியாது, நான் அவர் கட்டுரையைக் கொன்றுவிட்டேன் என்றார். கொட்டிய மண்ணில் கிடந்ததா, அதற்குக் கீழே பழைய களியில் கிடந்ததா என்று அளந்து பார்த்தால் தெரியும் என்றேன். அளக்க வருஷமாகும், ஊரைப் பொதுவாகப் போட்டு அச்சுக்குக் கொடுக்கலாம், எடுத்தவர் பேரை மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். "மருதாயி என்று வைத்துவிடுகிறேன், திருப்திதானே?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்றேன். அவள் பேரைப் பொய்யான இடத்தின் மேல் நிறுத்த மாட்டேன். மண் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்து என்னுடையது. அது இல்லாமல் இதழ்க்காரர்கள் வாங்க மாட்டார்கள். போட மாட்டேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஊரணிக் குழியை மூட விடாதே. மருதாயி எந்த இடத்தில் நின்றாள், தாடை எந்த மண்ணில் இருந்தது என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை. மச்சான் மூடப் பார்ப்பார்.

தம்பி


வேம்பூரணிப்பட்டி,
18-6-1960

தம்பிக்கு, இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது.

உன் மச்சான் இலுப்பூர் போன நாள் பார்த்து, கண்ணுசாமி வண்டியில் வைக்கோல் பரப்பி மருதாயியைப் படுக்கவைத்து அன்னவாசல் வரை வந்தோம். அங்கிருந்து பஸ். டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு எப்படி முறிந்தது என்று கேட்டு நோட்டைத் திறந்தார். மருதாயி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "வேம்பூரணித் தெக்குக் கரையில சுக்கான் வெட்டயில கரை சரிஞ்சிருச்சும்மா. மரத்துல ஏறுற வயசா எனக்கு?" டாக்டரம்மா அப்படியே எழுதிக்கொண்டார்.

காலை மறுபடி உடைத்தார்கள். பத்து நாள் அங்கேயே இருந்தோம். நான் வீட்டுக்கு வராததும் இவருக்கு விளங்கிவிட்டது.

நாங்கள் திரும்பி வந்த மறுநாள் காலையில் செவந்தி ஓடிவந்தாள். ஊரணிக்கு இரண்டு வண்டி மண் போகிறது என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினாள். நான் போய்ச் சேருவதற்குள் மருதாயி அங்கே இருந்தாள். மாவுக்கட்டுக் காலோடு எப்படிப் போனாள் என்று கேட்காதே. செவந்தியும் பக்கத்து வீட்டு இருளாயியும் கட்டிலோடு தூக்கிப் போயிருக்கிறார்கள். குழிக்குள் கட்டிலைப் போட்டு, வெள்ளைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கொட்டுடா கண்ணுசாமி" என்றார் இவர்.

கண்ணுசாமி மாட்டை அவிழ்த்தான். "நீங்களே கொட்டிக்கங்க. ஒரு தடவ இவளத் தோண்டி எடுத்தது போதும் எனக்கு" என்றான்.

அதற்குள் தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தோடு கரையில் நின்றுவிட்டார்கள். மறைக்க இனி ஒன்றும் இல்லை. இவர் மருதாயியிடம் குரலைத் தாழ்த்தி, "எந்திரிச்சு வா மருதாயி, பேசிக்குவம்" என்றார்.

"எம்புள்ள அளக்க வர்ற வரைக்கும் நா எந்திரிக்க மாட்டேன் ஐயா. நீங்க வேணா எறங்கி வாங்க, இங்கிட்டு எடம் கெடக்கு."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். இவர் சிரிக்கவில்லை, ஆனால் போய்விட்டார்.

ஊர் கூடியது. அளந்து முடிந்ததும் கரையை இவரே கட்டிக் கொடுக்க வேண்டும், மருதாயி நடக்கிற வரை அவள் வீட்டுப் பாட்டை இவர் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு. இவர் தலைவர் தேர்தலுக்கு நிற்கவில்லை. மூன்று நாள் அன்னவாசல் கிளப்புக்கடையில் சாப்பிட்டார். நான்காம் நாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, குழம்பில் உப்பு இல்லை என்றார். பேசிவிட்டார், தம்பி.

ராத்திரிக் காவலுக்குப் பகலில் தூங்குகிற ஆட்களை ஊரே போட்டிருக்கிறது. ஆனால் மருதாயி பகல் முழுக்க அங்கேதான். தாழம்புதர் நிழலில் கட்டில். அவள் பேரை வைப்பதாக உன் பெரியவர் சொன்னதையும், நீ வேண்டாம் என்றதையும் சொன்னேன். வருத்தப்படுவாளோ என்று பயம். "அவனுக்கு எம்பேரு எதுக்கு? நாந்தான் அவனுக்குப் பேரு வச்சிட்டேனே" என்றாள்.

எப்போது வருகிறாய்?

அக்கா


கல்கத்தா,
27-6-1960

அன்புள்ள அக்காவுக்கு, நீ சுகம், மருதாயி கால் சுகம், மச்சான் குழம்பில் உப்பு சுகம் என்று அறிந்தேன். எனக்கும் குறைவில்லை.

ஜூன் இதழ் வந்தது. நம் கட்டுரை அதில் இல்லை. லாகிரி வாபஸ் வாங்கிவிட்டார். என்னைத் தொல்லெலும்புப் பிரிவிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்தில் நிலக்கரி மாதிரிகளுக்கு நம்பர் போட அனுப்பிவிட்டார். போகட்டும். கறுப்பு எனக்குப் புதிது இல்லை. ஆனால் கிளம்புவதற்கு முன் தாடையைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை என் கையில்தான் இருந்தது. அச்சில் வந்தால்தான் சட்டப் பேர். பதிவேட்டில் உண்மையை எழுத யார் உத்தரவும் வேண்டாம்.

கிடைத்த இடம் என்ற கட்டத்தில், வேம்பூரணி, தெற்குக் கரை, ஆழம் அளக்கப்பட வேண்டும் என்று எழுதினேன். கண்டவர்: மருதாயி, சுண்ணாம்புக் காளவாய்த் தொழிலாளி. சூழ்நிலை: கரை சரிந்து கண்டவர் கால் முறிந்தது, 24-1-1960. உள்ளூர்ப் பேர்: பாக்குக்கடிச்சான். அறிவியல் பேர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். ஒரு கோடுகூடப் போடவில்லை. பத்து வருஷம் ஆகட்டும், முப்பது ஆகட்டும். களியின் வயசு தெரிந்த பிறகு நிரப்புகிறவர்கள் நிரப்பட்டும். நாளைக்கே அது வெறும் ஐந்நூறு வருஷத்து ஆள் என்று தெரிந்தாலும் அந்த ஏட்டில் ஒரு வரியை அடிக்க வேண்டியிராது.

இருபது நாள் லீவு வாங்கியிருக்கிறேன். ஜூலை ஒன்பதாம் தேதி சனிக்கிழமை ஊருக்கு வந்து சேருவேன். ஐம்பது அடி டேப், மட்டப்பலகை, கித்தான் பை எல்லாம் எடுத்துக்கொண்டாயிற்று. மச்சானிடம் இரண்டு கடப்பாரை வைத்திருக்கச் சொல். அவரும் இறங்கி வெட்டட்டும். குழியை அவரைவிடத் தெரிந்தவர் இல்லை.

மருதாயியை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல். கட்டிலில் இருந்தபடியே டேப்பின் ஒரு முனையை அவள்தான் பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் கை வைத்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
பிச்சைமுத்து